பிடி அரிசியும் பேரேடும்

தமிழர்தம் ஈகைப் பண்பைப் பற்றி விழா மேடைகளில் பேசத் தொடங்கினால், பாரி முல்லைக்குத் தேர் ஈந்ததும் பேகன் மயிலுக்குப் போர்வை அளித்ததும் தவறாமல் வந்துவிடுகின்றன. கேட்டுக் கேட்டு, வடபுலத்தில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்கும் அவை மனப்பாடம். வரவு செலவுக் கோப்புகளோடு காலந்தள்ளும் நம் போன்ற எழுத்தர்க்கு மட்டும் இடையிடையே ஓர் ஐயம் எழுவதுண்டு. தேரை ஈந்துவிட்டு வள்ளல் போய்விட்டார். மறுநாள் தொடங்கி அம்முல்லைக்கு நீர் வார்த்தவர் யார்? அவர் பெயரை எப்புலவரும் பாடவில்லை. வள்ளல்களைப் புலவர்கள் பார்த்துக்கொண்டார்கள். நீர் வார்த்தவர்களைச் சற்றே தேடிப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

தேடினால் அவர்கள் பாடல்களைக் காட்டிலும் கல்வெட்டுகளில்தான் மிகுதியாகக் கிடைக்கின்றனர். காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921-இல் பொறிக்கப்பெற்ற இரு கல்வெட்டுகளை அறியாதார் இரார். குடவோலை முறை என்று பள்ளியில் படித்தோம்; மக்களாட்சியின் தொட்டில் என்று மேடையில் முழங்கினோம். ஆயினும் அக்கல்வெட்டுகளைத் தேர்தல் விதிகளாக மட்டும் படிப்பது பாதிப் படிப்பே ஆகும். தேர்ந்தெடுக்கப்பட்டவர் எதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்று பார்த்தல் வேண்டும். ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. சம்வத்சர வாரியத்திற்கு 12 பேர், தோட்ட வாரியத்திற்கு 12 பேர், ஏரி வாரியத்திற்கு 6 பேர்; பொன் வாரியமும் பஞ்சவார வாரியமும் வேறு. ஏரியைக் காப்பதற்கும் தோட்டத்தைப் பேணுவதற்கும் பொன்னின் மாற்றை அறிவதற்கும் ஊராரே முறைவைத்து அமர்ந்தனர். பணிக்காலம் 360 நாள். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி, எழுத்தறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். அவன் எடுத்துத் தந்த ஓலையை ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்பதும் விதி. விரல் இடுக்கில் வேறோர் ஓலை ஒளிந்திருக்கலாம் அல்லவா! ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மவரை நம்மவர் நன்கு அறிந்திருந்தனர்.

நம் உள்ளத்தை மிகவும் தொட்ட விதி இன்னொன்று. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவர் மீண்டும் குடவோலைக்கு உரியர் அல்லர். அவர் மட்டுமோ? அவருடைய தந்தை, மகன், உடன்பிறந்தார், மாமனார், மருமகன் என்று உறவினர் பட்டியலே நீள்கிறது. திருடியவரைப் பற்றிய விதி தனியே இருக்கிறது. இது திருடாதவரையும் உள்ளடக்கிய விதி. பணம் ஒழுங்காகவே செலவாகியிருக்கலாம்; கணக்கு எழுதப்படவில்லை, அவ்வளவே. அதற்கே ஒரு குடும்பம் முழுதும் ஒதுங்கி நிற்க வேண்டும். இவ்விதி இன்றும் நடைமுறையில் இருந்தால் நம் சங்கங்களின் செயற்குழுக்களுக்கு ஆள் கிடைப்பாரா என்று நண்பர் ஒருவர் நகைத்தார். நாம் நகைக்கவில்லை, காரணம் பின்னர் வரும்.

உத்திரமேரூரைப் போற்றும்போது ஒன்றை மறைத்தலும் ஆகாது. அது ஒரு பிரமதேயம். கால் வேலிக்குக் குறையாத இறைநிலமும் சொந்த மனையில் வீடும் வேதக் கல்வியும் உடையவர்க்கே குடத்தில் இடம் இருந்தது. ஏரியை வெட்டிய தோள்களுக்கும், வீட்டுக்கு வீடு நீர் சுமந்த பெண்டிர்க்கும் ஓலை இல்லை.

உத்திரமேரூருக்கு அணித்தே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் திருமுக்கூடல் உள்ளது. அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, 11-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இயங்கிய மருத்துவமனை ஒன்றைக் கண்முன் நிறுத்துகிறது. வீரசோழன் என்பது அதன் பெயர். படுக்கைகள் 15. மருத்துவர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டனுக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்வார் ஒருவர்; மருந்துக்கு வேர் பறிக்கவும் விறகிடவும் இருவர்; நோயாளிகளைப் பேணப் பெண்கள் இருவர்; நாவிதர் ஒருவர்; நீர் கொணர்வார் ஒருவர். அனைவர்க்கும் நெல் அளவு குறிக்கப்பட்டுள்ளது. இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. இரவெல்லாம் எரிய ஒரு விளக்கிற்கு எண்ணெய்ச் செலவும் ஒதுக்கப்பட்டுள்ளது. மன்னன் புகழைப் பாடும் மெய்க்கீர்த்தியைக் காட்டிலும் அந்த விளக்கெண்ணெய்ச் செலவே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. நள்ளிரவில் நோயாளி கண்விழித்தால் இருட்டில் அஞ்சுவாரே என்று யாரோ ஒருவர் எண்ணியிருக்கிறார். எண்ணியதோடு நில்லாமல் அதைச் செலவுப் பட்டியலிலும் ஏற்றியிருக்கிறார்.

வாரியங்கள் மறைந்தன, பெருங்கோயில்களின் செல்வமும் கை மாறியது. எனினும் சிறு பங்கைச் சேர்த்துப் பெருஞ்செயல் ஆற்றும் வழக்கம் வேறு வேறு பெயர்களில் தொடர்ந்தது. நகரத்தார் தம் கோயில்களில் மணமான ஒவ்வோர் ஆண்மகனின் குடும்பத்தையும் ஒரு புள்ளியாகக் கொண்டு வரி வகுத்தனர். அவர்கள் 1813-இல் காசியில் நிறுவிய சத்திரத்திலிருந்து விசுவநாதர் வழிபாட்டிற்குரிய பொருள்கள் நாள்தோறும் சுமந்து செல்லப்படுவதைக் காசி சென்று வந்த அன்பர்கள் கண்டிருப்பர். தென்பாண்டி நாட்டு நாடார் வணிகர்கள் வாணிபத்தின் ஒரு சிறு பகுதியை மகமை எனப் பொதுவில் சேர்த்தனர். விருதுநகரில் 1885-இல் தோன்றிய க்ஷத்திரிய வித்யாசாலைக்கு, இல்லத்தரசியர் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்தனர். அப்பிடி அரிசிப் பள்ளியில் படித்த சிறுவர்களுள் ஒருவரே காமராசர்.

இதனைத் தற்செயல் என்று தள்ள நமக்கு மனம் வரவில்லை. அவர் முதலமைச்சராக இருந்தபோது 1956-இல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. ஊரார் தரும் அரிசியையும் காய்கறியையும் நம்பியே முதலில் அது நடந்தது. பின்னர் அரசு மானியம் வந்தபோது ஒரு குழந்தையின் ஓருணவுக்கு 10 காசு என்று கணக்கிட்டு, அரசு 6 காசும் ஊரார் 4 காசும் ஏற்றனர். முழுவதையும் அரசே ஏற்கட்டும் என்று ஊர் ஒதுங்கிவிடவில்லை; அந்த 4 காசுக்கு ஊரில் ஒருவர் கணக்கு எழுதியே தீரவேண்டியிருந்தது.

இனி நம் தில்லிக்கு வருவோம். 1911-இல் தலைநகர் மாற்றம் அறிவிக்கப்பட்ட பின்னர், கல்கத்தாவை விட்டு அலுவலகங்கள் இங்கு வந்தன. அவற்றைத் தொடர்ந்து சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்ற சென்னை மாகாணத்து இளைஞர்கள் வந்தனர். கோடையில் சிம்லா, குளிரில் தில்லி என்று கோப்புகளோடு குடும்பமும் இடம்பெயர்ந்த காலம் அது. பிள்ளைகளின் கல்விக்கென 1923-இலேயே மதராசிக் கல்விக் கழகம் அமைந்தது. இன்று 7 பள்ளிகளை நடத்தும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் தொடக்கம் அதுவே. தில்லித் தமிழ்ச் சங்கம் 1946-இல் தோன்றியது. இவற்றைக் கட்டியவருள் பெருஞ்செல்வர் சிலர் இருக்கலாம். ஆனால் மாலை ஐந்தரை மணிக்கு அலுவலகம் விட்டு வந்து இரசீதுப் புத்தகத்தைக் கையில் எடுத்தவர்கள் நம்மைப் போன்ற எழுத்தர்களே.

அந்த மரபில் வந்த நாம் ஒரு தவறு செய்தோம். அதனையும் இங்கே சொல்லிவிடுதல் முறை. பல ஆண்டுகளுக்கு முன் அரசுக் குடியிருப்பு ஒன்றில் தமிழ்க் குடும்பங்கள் நாற்பது சேர்ந்து, மாதம் 20 ரூபாய் வீதம் ஓர் உதவி நிதி நடத்தின. ஊரிலிருந்து திடீரெனத் துயரச் செய்தி வந்தால் பயணச் செலவுக்கு, மருத்துவமனை முன்பணத்திற்கு என்று அது பயன்பட்டது. கணக்கு எழுதும் பொறுப்பு நம்மிடம் இருந்தது. பகலெல்லாம் அரசின் கணக்கை எழுதிய கை, மாலையில் இருபது ரூபாய்க் கணக்கை எழுதச் சோம்பிற்று. நாட்குறிப்பின் ஓரங்களில் குறித்து வைத்தோம். பின்னர் அதையும் விட்டோம். ஒரு காசும் கரையவில்லை. ஆயினும் யார் எவ்வளவு தந்தார், யாருக்கு எவ்வளவு சென்றது என்று கேட்டபோது காட்ட ஏடு இல்லை. நேரில் எவரும் குறை சொல்லவில்லை. மாதந்தோறும் தருவோர் எண்ணிக்கை மட்டும் குறைந்துகொண்டே வந்து, நிதி நின்றுபோயிற்று.

அடுத்த தை மாதத்தில், அண்டை வீட்டுத் தம்பி ஒருவருக்குத் தாயார் மறைந்த செய்தி இரவு பத்து மணிக்கு வந்தது. வீடு வீடாகக் கதவைத் தட்டினோம். பணம் சேர்ந்தது, ஆனால் சேர்வதற்குள் காலை விமானம் போய்விட்டது. அவர் ஊர் சேர்ந்தபோது தாயின் உடலைச் சுடுகாட்டுக்கு எடுத்துச் சென்றுவிட்டிருந்தனர். திரும்பி வந்து நமக்கு நன்றி சொன்னார். அந்த நன்றியைப் பெற்றுக்கொள்ள நம்மால் இயலவில்லை. உத்திரமேரூர் விதியைப் படித்து நாம் நகைக்காததன் காரணம் இதுவே. இப்போது நிதி மீண்டும் நடக்கிறது. பேரேட்டை வேறொருவர் எழுதுகிறார், நாம் சரிபார்க்கிறோம். மாதத்தின் முதல் ஞாயிறு அது உரக்கப் படிக்கப்படுகிறது.

2025 ஜூன் 1-ஆம் நாள், உயர்நீதிமன்ற ஆணையின்படி, ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலை ஒட்டியிருந்த மதராசிக் குடியிருப்பு இடிக்கப்பட்டது. பல பத்தாண்டுகளாக அங்கு வாழ்ந்தவர்கள், சுற்றுவட்டார வீடுகளில் பணிசெய்து பிழைத்த தமிழ்க் குடும்பத்தார். 370 குடும்பங்களுள் 189 மட்டுமே நரேலாவில் வீடு பெறத் தகுதியுடையன எனக் கொள்ளப்பட்டன. வாழ்ந்தது உண்மை, தாளில் இருந்ததா என்பதே கேள்வியாயிற்று. வீடு கிடைத்தவர்க்கும் பள்ளி மாற்றம், முகவரி மாற்றம், குடும்ப அட்டை என்று படிவங்கள் தொடர்ந்தன. படிவம் நிரப்புவதும் இணைப்புகளைச் சரிபார்ப்பதும் மேல்முறையீட்டு மனு வரைவதும் நம்மவர்க்கு அன்றாடத் தொழில். வேறு எந்தத் தொண்டுக்கும் உடல் வலிமை இல்லை என்போரும் இதற்கு வரலாம். ஞாயிறுதோறும் இருவர் நரேலா சென்று வருகின்றனர். பயணச் செலவு அவரவர் சொந்தம். சென்ற மாதப் பேரேட்டின் கடைசி வரி இது: நரேலா, படிவ நகல், 46 ரூபாய்.