பற்கூச்சமும் மிஸ்வாக்கின் நடுநிலையும்

ரமளான் மாலையில் சூடான நோன்புக் கஞ்சியைக் குடித்த கையோடு குளிர்ந்த எலுமிச்சைச் சர்பத்தைப் பருகும்போது, பல்லில் 'சுரீர்' என்று ஒரு வலி ஓடி மறைவதைப் பலரும் அறிவர். அதையே பற்கூச்சம் என்கிறோம். பல் நன்றாகத் துலக்கப்படவில்லை என்று எண்ணி, மறுநாள் இன்னும் அழுத்தித் தேய்ப்பவர்கள் நம் வீடுகளில் உண்டு. அந்த எண்ணம் தவறானது என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு முஸ்லிம் மருத்துவ அறிஞர் எழுதிச் சென்றிருக்கிறார்.

வடசென்னை இராயபுரத்தில் மத்திய அரசின் வட்டார யூனானி மருத்துவ ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகிறது. யூனானி மருத்துவத்தின் மூல நூல்களுள் தலையாயது, இப்னு ஸீனா (980–1037) அரபியில் இயற்றிய 'அல்-கானூன் ஃபித் திப்'. ஐந்து பாகங்கள் கொண்ட அந்நூலின் மூன்றாம் பாகம், தலை முதல் கால் வரை ஒவ்வோர் உறுப்பின் நோயையும் விளக்குகிறது. அதில் பற்களுக்கென்று தனிப் பகுதியே உண்டு.

பற்கூச்சத்தை 'ளரஸ்' என்ற பெயரில் குறிப்பிடும் இப்னு ஸீனா, புளிப்பும் துவர்ப்பும் அதற்குக் காரணங்கள் என்கிறார். சூடானதை உண்டவுடன் மிகக் குளிர்ந்ததைப் பருகுவது பற்களுக்குக் கேடு என்றும் எச்சரிக்கிறார். நம் இஃப்தார் விரிப்பில் நடப்பதும் அதுவே அல்லவா? இன்னொன்றையும் அவர் வலியுறுத்துகிறார்: மிஸ்வாக்கை அளவோடு பயன்படுத்த வேண்டும், பல்லின் மேற்பளபளப்பு தேய்ந்து போகும் அளவுக்கு அழுத்தித் தேய்க்கலாகாது.

அவர் சொன்னதன் உட்காரணம் பிற்காலத்தில் விளங்கியது. பதினேழாம் நூற்றாண்டில் ஹாலந்து நாட்டின் லீவென்ஹூக், தம் நுண்ணோக்கியின் வழியே பல்லுக்குள் மிக நுண்ணிய குழாய்கள் இருப்பதைக் கண்டார். 1960களில் சுவீடன் நாட்டுப் பல் மருத்துவ ஆய்வாளர் பிரான்ஸ்ட்ராம், கூச்சம் பிறக்கும் விதத்தைச் சோதனைகளால் விளக்கினார். பல்லின் வெளிப்புறம் கடினமான எனாமல். அதன் உள்ளே டென்டின். டென்டினில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குப் பல்லாயிரம் குழாய்கள் உள்ளன. அவற்றில் திரவம் நிறைந்திருக்கிறது. எனாமல் தேய்ந்தாலோ, ஈறு கீழிறங்கி வேர்ப்பகுதி வெளிப்பட்டாலோ அக்குழாய்களின் வாய் திறந்துகொள்ளும். குளிரோ சூடோ புளிப்போ படும்போது உள்ளிருக்கும் திரவம் அசைந்து, பல்லின் நரம்பைத் தூண்டும். அதுவே நாம் உணரும் வலி.

ஆகவே, அடுப்புக்கரியும் செங்கல்தூளும் சாம்பலும் கொண்டு பல் தேய்த்த பழைய வழக்கம் பற்களை வெண்மையாக்கியது போலத் தோன்றினாலும், சிறிது சிறிதாகக் கவசத்தையே அரித்தது. முரட்டுத் தூரிகையும் அழுத்தமான கையும் இன்று அதையே செய்கின்றன. எண்ணூர், திருவொற்றியூர் போன்ற தொழிற்பகுதிகளில் வாழ்வோர் மற்றொன்றையும் அறிந்திருத்தல் நலம்: பேட்டரித் தொழில் போன்றவற்றில் அமில ஆவியைச் சுவாசிக்க நேரும் தொழிலாளருக்கு முன்பற்களின் எனாமல் கரைவதுண்டு. அத்தகையோர் கூச்சத்தை முதுமையின் அடையாளம் என்று ஒதுக்கிவிடலாகாது.

மிஸ்வாக் குச்சியின் நுனியை நீரில் ஊறவைத்து, மென்று நாராக்கி, மெதுவாகத் துலக்குவதே முறை. புளிப்பான பானம் அருந்தினால் உடனே துலக்காமல், வாயைக் கொப்பளித்து, அரை மணி நேரம் பொறுத்திருப்பது நல்லது. கூச்சம் நீடித்தால் சொத்தையோ வெடிப்போ இருக்கக்கூடும். மருத்துவரைக் காண வேண்டும். கோட்டை ரயில் நிலையத்தின் எதிரே, 1953இல் தொடங்கப்பெற்ற அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நம் மக்களுக்கு எட்டும் தொலைவிலேயே இருக்கிறது.

நபி (ஸல்) அவர்கள் மிஸ்வாக்கைப் பெரிதும் விரும்பினார்கள். எனினும் சமுதாயத்துக்குச் சிரமமாகிவிடக் கூடாது என்பதற்காகவே ஒவ்வொரு தொழுகைக்கும் அதைக் கட்டாயமாக்காமல் விட்டார்கள். அந்த ஸுன்னத்தின் உள்ளே இருப்பது தூய்மை மட்டுமன்று, இரக்கமும் கூட. அதை நம் பற்களின் மீதும் காட்டுவோம். உடல் எனும் அமானிதத்தைப் பேணும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.