மேல்நிலைப் பள்ளி மாணவரும் குற்றவியல் படிப்பும்

குற்றவியல் ஒரு சமூக அறிவியல். குற்றம் ஏன் நிகழ்கிறது, அதைச் செய்தவர் எந்தச் சூழலிலிருந்து வருகிறார், பாதிக்கப்பட்டவருக்கு அதன்பின் என்ன ஆகிறது, காவல்துறையும் நீதிமன்றமும் சிறையும் எப்படி இயங்குகின்றன என்பவை இதன் கேள்விகள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பதினாறு வயது கடந்த மாணவர்கள் இதைப் பள்ளியிலேயே தனிப்பாடமாகப் படிக்க முடியும். தமிழ்நாட்டுப் பிளஸ் டூவில் இப்படியொரு பாடம் இல்லை. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் உள்ள சட்டக் கல்வி, உளவியல், சமூகவியல் ஆகிய பாடங்கள் இதன் சில பகுதிகளைத் தொடுகின்றன.

பாடம் இல்லையே தவிர, அதோடு தொடர்புடைய இடங்கள் சென்னையிலேயே இருக்கின்றன. அசோக் நகரில் காவலர் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் குற்றவியல் துறையும், மயிலாப்பூர் காமராசர் சாலையில் மாநிலத் தடய அறிவியல் துறையும் உள்ளன. எழும்பூரில் பழைய கமிஷனர் அலுவலகக் கட்டடம் 2021-இல் காவல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

குற்றவியலை நாடும் மாணவர்களில் பலர் தடய அறிவியலை மனத்தில் வைத்துக்கொண்டே வருகிறார்கள். இரண்டும் வேறு. தடய அறிவியல் ஆய்வகத்தில் நடப்பது. அதற்கு வேதியியல், இயற்பியல், உயிரியல் அடித்தளம் வேண்டும். சென்னையில் அதன் தொடக்கம் 1849-இல் நிறுவப்பட்ட வேதியியல் பரிசோதகர் ஆய்வகம். 1991-இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, இடுப்பில் கட்டிய வெடிகுண்டுதான் வெடித்தது என்று சிதறிய துண்டுகளைக் கொண்டு நிறுவியவர் மாநிலத் தடய அறிவியல் துறையின் அன்றைய இயக்குநர் பி. சந்திரசேகரன். குண்டு எப்படி வெடித்தது என்பது தடய அறிவியலின் கேள்வி. ஓர் இளம்பெண் அதைக் கட்டிக்கொள்ளும் நிலைக்கு எப்படி வந்தார் என்பது குற்றவியலின் கேள்வி. இரண்டாவதற்குக் கலைப்பிரிவு மாணவரும் தயங்காமல் வரலாம்.

இத்துறையின் பாடநூல்கள் பெரும்பாலும் இத்தாலியின் லோம்ப்ரோசோவிலிருந்து தொடங்கும். குற்றவாளி பிறப்பிலேயே அப்படித்தான், அவன் உடலமைப்பே அதைக் காட்டிவிடும் என்று 1876-இல் எழுதியவர் அவர். தமிழ் மாணவர் இந்தக் கருத்தின் விளைவைத் தேடி இத்தாலி வரை போக வேண்டியதில்லை. லோம்ப்ரோசோ எழுதுவதற்கு முன்பே, 1871-இல், பிரிட்டிஷ் அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்து முழுச் சமூகங்களையும் பிறவிக் குற்றவாளிகள் என்று பட்டியலிட்டது. 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. பட்டியலில் இருந்தவர்கள் கைரேகை பதிய வேண்டும். அனுமதியின்றி ஊர் தாண்டக் கூடாது. 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில் இந்தப் பதிவை எதிர்த்த பிறமலைக் கள்ளர்கள் மீது போலீஸ் சுட்டதில் பலர் மாண்டனர். அவர்களில் ஒரு பெண்ணும் உண்டு. சென்னை மாகாணத்தில் சட்டம் ஒழிந்தது 1947-இல்தான். ஒரு தவறான கோட்பாடு அரசின் கையில் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேறெந்த நாட்டு நூலிலும் கிடைப்பது அரிது. ஆகவே நம் மாணவர்களுக்கு முதல் அத்தியாயமாக இதையே வைக்க வேண்டும்.

அதே 1920-இல்தான் சென்னை குழந்தைகள் சட்டமும் வந்தது. குற்றம் செய்த சிறுவர்களைப் பெரியவர்களிடமிருந்து பிரித்து நடத்த இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் மாகாணச் சட்டம் அது. ஒரு பக்கம் திருந்தக்கூடிய சிறுவன், இன்னொரு பக்கம் திருந்தவே மாட்டாத சாதி என்று ஒரே அரசு ஒரே ஆண்டில் நினைத்திருக்கிறது. இன்று நடப்பில் உள்ளது 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம். பதினாறு முதல் பதினெட்டு வயதுக்குள் கொடுங்குற்றம் செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவரை, முதல்நிலை மதிப்பீட்டுக்குப் பின் வயது வந்தவரைப் போல விசாரிக்க அது இடம் தருகிறது. பிளஸ் டூ வகுப்பில் அமர்ந்திருப்பவர்களின் வயது அதுவே. இந்தப் பிரிவு சரியா என்ற விவாதத்தை அவர்களே நடத்துவது மிகப் பொருத்தம்.

பிளஸ் டூ முடித்தபின் குற்றவியலும் காவல் நிர்வாகமும் சேர்ந்த இளங்கலைப் படிப்பு சில கல்லூரிகளில் உண்டு. முதுகலைக்குச் சென்னைப் பல்கலைக்கழகமும், திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் நல்ல இடங்கள். குற்றத்தால் பாதிக்கப்பட்டோரைப் பற்றிய ஆய்வை இந்தியாவில் வளர்த்தவர்களில் முக்கியமானவரான கே. சொக்கலிங்கம் இவ்விரண்டிலும் பணியாற்றியவர். சிறைப் பணியாளர்களுக்கான பயிற்சி நிறுவனம் வேலூரில் உள்ளது. பழைய நூல்களை வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டது, பிரிவு எண்கள் மாறிவிட்டன.

பள்ளியில் இருக்கும்போதே பழகக்கூடிய வேலை, தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையைப் படிப்பது. அதில் இருப்பவை பதிவான வழக்குகள். நடந்த குற்றங்கள் எல்லாம் அல்ல. ஒரு மாவட்டத்தில் பெண்களுக்கு எதிரான வழக்குகளின் எண்ணிக்கை கூடியிருந்தால், வன்முறை பெருகியிருக்கலாம்; புகார் கொடுக்க முன்வரும் பெண்கள் பெருகியிருக்கவும் கூடும். எது என்று அறிய, அந்த ஊரின் காவல் நிலையத்தில் புகார்கள் எப்படி வாங்கப்படுகின்றன என்று விசாரிக்க வேண்டும்.