தேவன் இட்ட முட்டை

இன்றைக்குப் பட்டிமன்றம் என்றால் மாமியாரா மருமகளா, பணமா பாசமா. மணிமேகலையின் முதல் காதையில் வரும் பட்டிமண்டபம் வேறு ரகம். புகார் நகரத்தில் இந்திர விழா. முரசறைபவன் வீதியெல்லாம் புதுமணல் பரப்பச் சொல்கிறான், கொடிகள் ஏற்றச் சொல்கிறான். அதே மூச்சில், தத்தம் சமயப் பொருளை வாதிட வல்லவர்கள் முறையறிந்து பட்டிமண்டபம் ஏறட்டும் என்றும் அறிவிக்கிறான். உலகத்துக்கு மூலம் எது என்ற சண்டை, ஊர்த் திருவிழாவின் நிகழ்ச்சிநிரலில் ஒன்றாக இருந்திருக்கிறது.

நான் விழுப்புரம் வட்டாரத்தில் இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டுகள் என்று சொல்லி முடித்ததும் பெரும்பாலும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை எழும்: “அதுக்கு முன்னாடி என்ன சார் இருந்துச்சு?” எப்படி என்ற கேள்விக்கு என்னிடம் சமன்பாடு உண்டு. ஏன் என்ற கேள்விக்குக் கிடையாது. நம்மூரில் இதை யாரெல்லாம் கேட்டார்கள், என்ன சொல்லிக்கொண்டார்கள் என்று தேடத் தொடங்கியவனை மணிமேகலையின் இருபத்தேழாம் காதை பிடித்துக்கொண்டது.

இடம் வஞ்சி நகரம். மணிமேகலை ஆண் துறவியின் வேடத்தில் ஒவ்வொரு சமயத்தாரிடமும் போய், உங்கள் கொள்கை என்ன என்று கேட்கிறாள். சைவவாதி, படைத்து விளையாடும் இறைவனைச் சொல்கிறான். பிரமவாதியின் பதில் ஒரே வரி: உலகம் முழுக்க ஒரு தேவன் இட்ட முட்டை. அவளும் மேலே கேட்கவில்லை.

எனக்குப் பிடித்தவன் ஆசீவகன். நிலம், நீர், தீ, காற்று, உயிர் என்று ஐந்து வகை அணுக்கள் என்கிறான். அவை புதிதாகத் தோன்றுவதில்லை, அழிவதில்லை, ஒன்று இன்னொன்றாக மாறுவதில்லை. வயிரம்போலச் செறியும், மூங்கில்போலத் துளைபடும், விதையாக முளைக்கும். எல்லாம் சேர்க்கையால் வருவது. அணு ஏன் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்கு அவன் காட்டும் சான்று அபாரம். அந்தி மயங்கும் நேரத்தில் ஒற்றை மயிர் தெரியாது, ஆனால் கற்றையாகக் கிடக்கும் மயிர் தெரியும் அல்லவா, அதுபோல் என்கிறான். பத்தாம் வகுப்புப் பையனுக்கு அணுவைப் புரியவைக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

இந்த அணுக்கொள்கையைச் சொல்பவன் ஆய்வுக்கூடத்து ஆள் இல்லை, மற்கலியைத் தலைவனாகக் கொண்ட சமயத்தான். கடவுளை வைக்காமலே உலகத்தை விளக்குகிறான். ஆனால் ஊழை வைக்கிறான். விஞ்ஞானம் ஒரு பக்கம், சமயம் ஒரு பக்கம் என்று நாம் போடும் கோடு வஞ்சி நகரத்தில் இல்லை.

பூதவாதியும் வருகிறான். தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் கூடினால் கள்ளின் வெறி பிறக்கிறது. அப்படியே பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கிறது. கண்ணால் கண்டதைத் தவிர எதையும் நம்பமாட்டேன் என்கிறான். மணிமேகலை சிரித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்கிறாள்: உன் தாய் தந்தை இவர்கள்தான் என்பதை ஊகித்தல்லாமல் வேறு எப்படி அறிந்தாய்? பெருவெடிப்பை யார் பார்த்தது என்று கேட்ட பையன்களுக்கும் இந்தப் பதிலைத்தான் நான் சொல்லி வந்தேன். நேரில் பார்க்காததையும் தடயத்திலிருந்து ஊகிக்கலாம்.

அடுத்த பெரிய களம் எங்கள் பக்கத்துத் திருவெண்ணெய்நல்லூர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் அங்கே இருந்துகொண்டு சிவஞானபோதத்தைப் பன்னிரண்டு சூத்திரங்களில் அடக்கினார். முதல் சூத்திரமே உலகத்தைப் பற்றியது. அவன், அவள், அது என்று சுட்டப்படும் இந்த உலகம் தோன்றுகிறது, நிற்கிறது, ஒடுங்குகிறது. ஆகவே இதை ஒடுக்கித் தோற்றுவிக்கும் ஒருவன் உண்டு என்பது வாதம். இதற்குச் சித்தாந்திகள் காட்டுவது குயவன் கதை. பானைக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். உலகத்துக்கு மாயை மண், சத்தி துணை, சிவன் குயவன்.

ஏன் படைத்தான் என்பதற்கும் அவர்களிடம் விடை உண்டு: மலம் என்னும் தளையில் கட்டுண்ட உயிர்கள் பக்குவப்பட்டு விடுபட. ஆனால் அந்த உயிர்களையும் மலத்தையும் மாயையையும் அவன் படைக்கவில்லை, அவை என்றும் உள்ளவை. ஒன்றுமே இல்லாததிலிருந்து ஒன்று வராது என்பதில் மெய்கண்டார் மரபு கறாராக இருந்தது. ஆசீவகன் அணுவில் போய் நின்றான், சைவன் இறை, உயிர், தளை மூன்றிலும் போய் நின்றான். வேதத்தையே பிரமாணமாகக் கொண்ட மீமாம்சகரோ உலகம் எப்போதும் இப்படியேதான் இருக்கிறது, படைப்புமில்லை, படைத்தவனுமில்லை என்றனர். ஏன் ஏதேனும் ஒன்று இருக்க வேண்டும், எதுவுமே இல்லாமல் இருந்திருக்கலாமே என்ற கேள்வியை நான் படித்த இந்த வாதங்களில் ஒருவரும் நேருக்கு நேர் தொடவில்லை.

மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் எழுதியபோது நூலை இரண்டாகப் பகுத்தார். தம் கொள்கையைச் சொல்லும் சுபக்கத்துக்கு முன்னால் பரபக்கம். உலகாயதன் தொடங்கி ஒவ்வொரு மாற்றானையும் முதலில் அவன் கொள்கையைச் சொல்லவிட்டு, பிறகுதான் மறுக்கிறார். மறுப்பில் கிண்டலுக்குக் குறைவில்லை. ஆனாலும் முதல் பேச்சு எதிராளிக்கு.

இந்த ஒழுங்கு குலைந்த ஒரு காட்சி யாழ்ப்பாணத்தில் நடந்தது. வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் கல்லூரி நடத்திய டேனியல் பூவர் பாதிரியார், அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கத்தோடு மோதினார். 1829 மார்ச் 20 அன்று வந்த சந்திர கிரகணம் பற்றிய மோதல் அது. எப்போது பிடிக்கும், எவ்வளவு மறையும், எவ்வளவு நேரம் நிற்கும் என்பதில் இருவர் கணக்கும் ஒத்துவரவில்லை. அன்றிரவு பூவரின் கணக்கு சரியாக வந்தது. மிஷன் தரப்பு அதைப் புராணங்கள்மேல் பெற்ற வெற்றியாகக் கொண்டாடியது. சாஸ்திரியார் ராகு கேது கதையை வைத்தா கணித்தார்? அவரும் சூத்திரம் போட்டுத்தான் கணித்தார். ஒருவருடைய கணக்குப் பிழையிலிருந்து இன்னொருவருடைய கடவுளை நிறுவப் பார்த்தது என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

சென்னையில் 1882இல் தொடங்கிய ‘தத்துவ விவேசினி’ இதற்கு எதிர்ப்பக்கம் போனது. இலௌகிக சங்கத்தார் நடத்திய அந்த இதழ் புராணப் படைப்பையும் பைபிள் படைப்பையும் ஒரே தராசில் போட்டு இரண்டையும் தள்ளியது. பெரியாருக்கு நாற்பது வருஷம் முன்பே தமிழில் இப்படி ஒரு நாத்திக இதழ் வந்தது பலருக்குத் தெரியாது.

வெளியுலகிலும் இதே கூத்துதான். பிரபஞ்சம் ஓர் ஆதி அணுவிலிருந்து விரிந்தது என்று 1931இல் சொன்ன பெல்ஜியத்துக்காரர் ஜார்ஜ் லெமெத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். 1951 நவம்பரில் போப் பன்னிரண்டாம் பயஸ் இந்த அறிவியலைப் படைப்புக்குச் சாட்சியாகப் பேசியபோது லெமெத்ருக்கு அது ரசிக்கவில்லை. தன் கொள்கை சமயக் கேள்விகளுக்கு வெளியே நிற்பது என்பது அவர் நிலை. மறுபுறம் 2012இல் இயற்பியலாளர் லாரன்ஸ் கிராஸ், ஒன்றுமின்மையிலிருந்தே பிரபஞ்சம் வரும் என்று புத்தகம் எழுதினார். அவர் சொல்லும் ஒன்றுமின்மையில் குவாண்டம் புலங்களும் விதிகளும் இருக்கின்றன என்று தத்துவவாதி டேவிட் ஆல்பர்ட் மடக்கினார். மெய்கண்டார் மரபு கேட்டிருக்கக்கூடிய அதே கேள்வி: மண் எங்கிருந்து வந்தது?

என் கட்சி எது என்று கேட்டால், உலகம் எப்படி விரிந்தது என்பதற்கு இயற்பியலைத்தான் நம்புகிறேன். ஏன் இருக்கிறது என்பதற்கு இயற்பியல், சமயம் இரு தரப்பும் ஏதோ ஓர் இடத்தில் கேள்வியை நிறுத்திக்கொள்கின்றன, அந்த இடம்தான் வேறு.

பள்ளி, கல்லூரிகளில் பட்டிமன்றம் நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு வருஷமாவது மாமியார் மருமகளை விட்டுவிட்டு இந்தத் தலைப்பை வையுங்கள். அருணந்தியின் முறையையும் வையுங்கள்: பேச வருபவர் முதலில் எதிரணியின் வாதத்தை எதிரணியே ஒப்புக்கொள்ளும்படி சொல்ல வேண்டும். அதற்கு மதிப்பெண் போட்ட பிறகு மறுப்புக்கு மணி அடியுங்கள்.