பாஸ்டன் நகரில் வீடற்றோருக்கான மருத்துவம்: ஒரு வரலாறு

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத் தலைநகரான பாஸ்டனில், தெருவிலும் இரவு விடுதிகளிலும் வாழ்வோருக்கென்று தனியாக ஒரு மருத்துவ அமைப்பு 1985ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. 'வீடற்றோருக்கான பாஸ்டன் உடல்நலத் திட்டம்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். பாஸ்டன், ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியும் உலகப் புகழ்பெற்ற மருத்துவமனைகளும் உள்ள ஊர். அங்கே மருத்துவருக்கும் பஞ்சமில்லை, மருந்துக்கும் பஞ்சமில்லை. இருந்தும் அந்த மருத்துவமனைகளிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே காசநோயாலும் நிமோனியாவாலும், கடுங்குளிரில் கால்விரல் உறைந்து அழுகியும் மனிதர்கள் வதைபட்டார்கள். ஏன் இப்படி நடந்தது, அதை மாற்ற யார் என்ன செய்தார்கள், எவ்வளவு மாறியது என்பதை இக்கட்டுரை சொல்கிறது.

பின்னணி

1980களின் தொடக்கத்தில் அமெரிக்க நகரங்களில் வீடற்றோர் தொகை பெருகியது. பெரிய மனநல மருத்துவமனைகள் படிப்படியாக மூடப்பட்டன. அங்கிருந்து வெளியே வந்தவர்களுக்கு வாக்களிக்கப்பட்ட மாற்று ஏற்பாடுகள் போதிய அளவில் வரவில்லை. ஏழைகள் தங்கிய மலிவான ஒற்றை அறை விடுதிகள் இடிக்கப்பட்டு, அங்கே விலை உயர்ந்த கட்டடங்கள் எழுந்தன. 1983 முதல் முதியோருக்கான அரசுக் காப்பீடு, நோய்க்கு இவ்வளவு என்று மருத்துவமனைக்கு மொத்தத் தொகை தரத் தொடங்கியது. நோயாளியை விரைவில் அனுப்பினால் மருத்துவமனைக்கு லாபம் என்ற நிலை இதனால் வந்தது. வீடு உள்ளவர் வீட்டுக்குப் போய் எஞ்சிய ஓய்வை எடுத்துக்கொண்டார். வீடு இல்லாதவர் கட்டுப்போட்ட காலோடு இரவு விடுதியின் வரிசையில் வந்து நின்றார். காலையானதும் விடுதி எல்லோரையும் வெளியே அனுப்பிவிடும். மாலை வரை தெருதான்.

'பைன் ஸ்ட்ரீட் இன்' என்பது 1969இல் பாஸ்டனில் தொடங்கப்பட்ட இரவு விடுதி. அங்கே 1972 முதல் செவிலியர்களே நடத்தும் ஒரு சிறு மருத்துவ நிலையம் இயங்கிவந்தது. இந்த வரலாற்றின் உண்மையான தொடக்கம் இதுதான் என்பது என் எண்ணம். மருத்துவர்கள் வருவதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அந்தச் செவிலியர்கள் புண்ணுக்குக் கட்டுப்போட்டார்கள், மாத்திரையை வைத்திருந்து வேளைக்கு எடுத்துக் கொடுத்தார்கள், பெயர் சொல்லி அழைத்தார்கள். யாருக்கு என்ன நோய், யார் எந்த நாளில் கோபமாக இருப்பார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அவர்களில் முதன்மையானவர் பார்பரா மக்இன்னிஸ்.

கால் கழுவிய மருத்துவர்

1984இல் ராபர்ட் வுட் ஜான்சன் அறக்கட்டளையும் பியூ அறக்கட்டளையும் இணைந்து, நகர மேயர்களின் கூட்டமைப்போடு சேர்ந்து, ஒரு நிதித் திட்டத்தை அறிவித்தன. வீடற்றோருக்கான மருத்துவத்துக்காக 19 நகரங்களுக்கு ஏறத்தாழ 2.5 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. பாஸ்டனும் அவற்றில் ஒன்று.

பாஸ்டனில் திட்டம் தீட்டும்போது வீடற்றோரையும் விடுதிச் செவிலியர்களையும் உட்காரவைத்துக் கேட்டார்கள். அவர்கள் சொன்னது தெளிவாக இருந்தது. இன்று வந்து நாளை போய்விடும் தொண்டர்கள் வேண்டாம். எங்கள் மேல் பயிற்சி எடுத்துக்கொண்டு போகிறவர்களும் வேண்டாம். எங்களைத் தெரிந்த மருத்துவர் தொடர்ந்து இருக்க வேண்டும். நோயுற்றால் படுத்துத் தேற ஓர் இடம் வேண்டும். ஏழைக்கு எது கொடுத்தாலும் போதும் என்று நினைப்பவர்கள் இந்தக் கோரிக்கைகளை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

தொடக்க மருத்துவராக வந்தவர் ஜிம் ஓ'கானல். மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பயிற்சியை முடித்துவிட்டு, நியூயார்க்கில் புற்றுநோய் மருத்துவம் படிக்கப் போக இருந்தவர். ஓராண்டு மட்டும் இந்தப் பணியைச் செய்யும்படி மூத்த மருத்துவர்கள் கேட்டுக்கொண்டார்கள். அவர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்ததே 30 வயதில்தான். அதற்கு முன் ஹவாயில் உயர்நிலைப்பள்ளி ஆசிரியராக இருந்திருக்கிறார். ஆசிரியத் தொழிலில் இருந்த எனக்கு இதைப் படித்தபோது சற்றுப் பெருமையாகவே இருந்தது.

முதல் நாள் பைன் ஸ்ட்ரீட் விடுதிக்கு வந்த ஓ'கானலைச் செவிலியர்கள் உற்சாகமாக வரவேற்கவில்லை. ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றிவைக்கச் சொன்னார் மக்இன்னிஸ். கேள்வி எதுவும் கேட்கக் கூடாது, வருகிறவர்களின் கால்களை வெந்நீரில் ஊறவைத்துக் கழுவ வேண்டும், அவ்வளவுதான் வேலை. பிளாஸ்டிக் தொட்டியில் வெதுவெதுப்பான நீர், அதில் கொஞ்சம் பீட்டாடின். ஏறத்தாழ இரண்டு மாதம் அவர் இதைச் செய்தார்.

வீட்டுக்கு வந்தவருக்குக் கால் கழுவத் தண்ணீர் கொடுப்பது நம் பெரியவர்கள் கடைப்பிடித்த வழக்கம். அதில் மரியாதை உண்டு. பாஸ்டன் செவிலியர்களிடம் மரியாதையோடு மருத்துவக் காரணமும் இருந்தது. நாள் முழுவதும் ஈரக் காலணியோடு நடப்பவருக்கு முதலில் கெடுவது பாதம். வெந்நீரில் கால் வைத்தவர் அரைமணி நேரம் ஓரிடத்தில் அமைதியாக உட்காருவார். மருத்துவர் தரையில் அமர்ந்திருப்பார், நோயாளி நாற்காலியில். வழக்கமான மருத்துவமனையில் யார் மேலே, யார் கீழே என்பது நமக்குத் தெரியும். இங்கே அது தலைகீழானது.

இதன் பலனை ஓ'கானலே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மருத்துவமனையின் அவசரப் பிரிவில் அவர் முன்பே பார்த்திருந்த, கடுமையான மனநோய் உள்ள ஒருவர் அங்கே வருவார். எந்தச் சிகிச்சைக்கும் அதுவரை இணங்காதவர். கால் கழுவத் தொடங்கி ஏறத்தாழ ஒரு மாதத்துக்குப் பின் ஒருநாள், நீர் மருத்துவர்தானே, ஏன் கால் கழுவிக்கொண்டிருக்கிறீர் என்று கேட்டாராம். செவிலியர்கள் சொல்வதைச் செய்கிறேன் என்றார் ஓ'கானல். சில நாள் கழித்து அவரே, தூக்கம் வர ஏதாவது மருந்து தரமுடியுமா என்று கேட்டார். அதுதான் சிகிச்சையின் தொடக்கம்.

ஓராண்டுக்கென்று வந்த ஓ'கானல் பல பத்தாண்டுகளாக அந்தப் பணியிலேயே இருக்கிறார். 1986 முதல் பைன் ஸ்ட்ரீட் விடுதியின் இரவு வண்டியில் ஏறி, சூப்பும் போர்வையும் கொடுத்தபடியே பாலத்தடியிலும் கடை வாசலிலும் படுத்திருப்பவர்களைப் பார்க்கத் தொடங்கினார். வகுப்புக்கு வராத பிள்ளைக்கு வருகைப் பதிவேட்டில் குறி போட்டுவிட்டு நின்றுவிடும் ஆசிரியர் உண்டு. வீடு தேடிப்போய் ஏன் வரவில்லை என்று கேட்கும் ஆசிரியரும் உண்டு. 'சொன்னபடி கேட்காத நோயாளி' என்று மருத்துவமனை எழுதிவைத்தவர்களை நேரில் போய்ப் பார்த்தபோதுதான் காரணங்கள் புரிந்தன. இன்சுலினைக் குளிர்ச்சியாக வைக்க இடமில்லை. இதயநோய்க்குத் தரும் மாத்திரை அடிக்கடி சிறுநீர் கழிக்கவைக்கும். நகர நடுவில் கழிப்பறை எங்கே? மாலை 3 மணிக்கு மருத்துவரைப் பார்க்கப் போனால் விடுதி வரிசையில் இடம் போய்விடும், இரவு பனியில்தான் படுக்க வேண்டும். இவற்றில் எதுவும் மருத்துவப் பாடநூலில் இல்லை.

காசநோயும் தேறும் இல்லமும்

திட்டம் தொடங்கிய நேரத்தில் பாஸ்டன் விடுதிகளில் காசநோய் பரவிக்கொண்டிருந்தது. அதுவும் ஐசோனியசிட், ஸ்ட்ரெப்டோமைசின் ஆகிய இரு மருந்துகளுக்கும் அசையாத வகை. நூற்றுக்கணக்கானோர் ஒரே கூடத்தில் அடுத்தடுத்துப் படுத்தால் இருமல் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. முன்பு ஒருமுறை காசநோய்க் கிருமி தொற்றியவரையும் புதிய கிருமி மீண்டும் தாக்க முடியும் என்பதை இந்தப் பரவல் காட்டியது. இதைப் பற்றிய ஆய்வு 1986இல் வெளியானது. விடுதிச் சுவர்களின் மேற்பகுதியில் கிருமிகளைக் கொல்லும் புற ஊதா விளக்குகள் பொருத்தப்பட்டன. செவிலியர்கள் கண்முன்னே மாத்திரையை விழுங்கவைத்தார்கள்.

கண்முன்னே மருந்து கொடுக்கும் இந்த முறைக்கும் சென்னைக்கும் உறவு உண்டு. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், இன்றைய சேத்துப்பட்டு தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், அந்த முறையை உருவாக்கியதில் முன்னோடி. காசநோயாளி சானடோரியத்தில் கிடக்க வேண்டியதில்லை, நெரிசலான ஏழை வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிட்டாலும் அதே அளவு குணமாகும் என்று 1959இல் உலகுக்குச் சொன்னதும் அந்த மையம்தான். ஏழை நாடுகளுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் பாஸ்டனில் நின்று பார்த்தால் அந்த ஆய்வின் முடிவுக்குள் ஒரு நிபந்தனை மறைந்திருப்பது தெரிகிறது. வீட்டிலேயே சிகிச்சை என்றால் எவ்வளவு சிறியதானாலும் ஒரு வீடு இருக்க வேண்டும். அது இல்லாதவருக்கு?

இதற்குப் பாஸ்டன் கண்ட விடைதான் அந்தத் திட்டத்தின் தனிச்சிறப்பு. மருத்துவமனையில் வைத்திருக்கும் அளவு நோய் இல்லை, தெருவில் விடும் அளவு உடல் தேறவும் இல்லை என்ற நிலையில் உள்ளவர்களுக்காக, 1985 செப்டம்பரில் ஒரு விடுதிக்குள் 25 கட்டில்களோடு ஒரு தேறும் இடம் திறக்கப்பட்டது. 1993இல் அது தனிக் கட்டடமாயிற்று. அதற்குப் 'பார்பரா மக்இன்னிஸ் இல்லம்' என்று பெயரிட்டார்கள். பெரும்பாலும் இறந்தவர்களின் பெயரைத்தான் கட்டடங்களுக்கு வைப்பார்கள். மக்இன்னிஸ் 2003இல்தான் காலமானார். 2008இல் அந்த இல்லம் ஆல்பனி தெருவுக்கு மாறி 104 கட்டில்களாக வளர்ந்தது. எலும்பு முறிந்தவர், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர், அறுவைச் சிகிச்சைக்கு முன் உடலைத் தேற்றிக்கொள்ள வேண்டியவர் எனப் பலரும் அங்கே தங்குகிறார்கள்.

நாடாளுமன்றமும் இதற்குள் விழித்துக்கொண்டது. 1987 ஜூலையில் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட மக்கின்னி சட்டம், 19 நகரங்களின் சோதனை முயற்சியை நிலையான அரசு நிதியுதவித் திட்டமாக்கியது. இன்று அமெரிக்கா முழுவதும் ஏறத்தாழ 300 நிலையங்கள் அந்த நிதியில் இயங்குகின்றன.

எண்கள் சொல்வது

இவ்வளவும் செய்த பிறகு சாவு குறைந்ததா? இந்தத் திட்டத்தினர் தங்கள் பணியைத் தாங்களே கணக்கெடுத்து, முடிவை மறைக்காமல் வெளியிட்டிருப்பது பாராட்டத்தக்கது.

1988 முதல் 1993 வரை பாஸ்டனில் இறந்த வீடற்றோரின் சராசரி வயது 47 என்று 1997இல் வெளியான ஆய்வு கூறியது. அந்தக் காலத்தின் பெரிய எமன் எய்ட்ஸ். பின்னர் 2003 முதல் 2008 வரை 28,033 பேரைப் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் 1,302 பேர் இறந்திருந்தார்கள். எய்ட்ஸ் சாவு வெகுவாகக் குறைந்திருந்தது, காசநோய் அடங்கியிருந்தது. ஆனால் மொத்த இறப்பு விகிதம் குறையவில்லை. எய்ட்ஸ் விட்டுச்சென்ற இடத்தைப் போதைமருந்து பிடித்துக்கொண்டது. அடுத்து 2017 வரை நீட்டிக்கப்பட்ட கணக்கில், ஏறத்தாழ நான்கில் ஒரு சாவு அளவுமீறிய போதைமருந்தால் நேர்ந்தது. 2016இல் திட்டத்தின் கட்டடத்திலேயே, போதை தலைக்கேறியவர் மூச்சு நிற்காமல் கண்காணிப்பில் படுத்திருக்க ஓர் அறை திறந்தார்கள். பழிச்சொல் வரும் என்று தெரிந்தேதான் திறந்தார்கள்.

விடுதிக்குக்கூட வராமல் தெருவிலேயே உறங்குவோர் நிலை இன்னும் கொடியது. 2000ஆம் ஆண்டில் தெருவில் இருந்த 445 பேரைப் பத்தாண்டு பின்தொடர்ந்ததில் 134 பேர் இறந்துவிட்டார்கள். மாநிலத்தின் பொதுமக்களோடு ஒப்பிட்டால் இது ஏறத்தாழ பத்து மடங்கு. இந்த 445 பேரும் திட்டத்தின் தெருக் குழு பெயர் பெயராக அறிந்தவர்கள். நல்ல மருத்துவரும் காப்பீடும் உள்ளவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

2020 ஏப்ரல் தொடக்கத்தில் கொரோனா வந்தபோது, பைன் ஸ்ட்ரீட் விடுதியில் 408 பேருக்குச் சோதனை செய்தார்கள். 147 பேருக்குத் தொற்று. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை. அறிகுறி உள்ளவரை மட்டும் பிரித்துவைத்தால் போதும் என்ற எண்ணம் அன்றோடு போயிற்று. 'வீட்டிலேயே இருங்கள்' என்று உலகம் முழுவதும் அறிவிப்புச் செய்துகொண்டிருந்த மாதம் அது. நகரின் மாநாட்டு அரங்கில் அவசரமாக அமைத்த 1,000 கட்டில்களில் பாதியை வீடற்றோருக்கு ஒதுக்கினார்கள்.

தெருவில் ஒருவர் வாழ்வதே ஒரு நோய், அதற்கு மருந்து வீடுதான் என்ற கருத்தைத் திட்டத்தின் மருத்துவர்களே இப்போது வெளிப்படையாகச் சொல்கிறார்கள். ஆனால் வீட்டை எழுதிக்கொடுக்க மருந்துச்சீட்டில் இடமில்லை. பாஸ்டனில் வாடகை அமெரிக்காவிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. அரசு உதவி வீட்டுக்கான காத்திருப்போர் பட்டியல் ஆண்டுக்கணக்கில் நீளும். ஆல்பனி தெரு இல்லத்தில் புண் ஆறி ஒருவர் வெளியேறும்போது, அந்தக் கட்டிலுக்கு அடுத்தவர் அன்றே வந்துவிடுகிறார். வெளியேறியவர்களில் பலர் மறுபடி போய் நிற்பது அன்று மாலை விடுதி வரிசையில்தான்.