சீன மருத்துவத்தில் வெங்காயத்தாள்

சமைத்த உணவின்மீது மணத்திற்காகத் தூவப்பெறும் வெங்காயத்தாள், சீனரின் மருத்துவ நூல்களில் ஏறக்குறைய 1,800 ஆண்டுகளாக மருந்தாகவும் இடம்பெற்று வருகின்றது. அதனைச் சீனர் 'சுங்' என்பர். பச்சைத் தாளுக்கும் சில பயன்கள் கூறப்பட்டிருப்பினும், சிறப்புடையது வேருக்கு மேலுள்ள வெண்தண்டே. அதற்குச் 'சுங் பாய்', அஃதாவது 'வெண் சுங்' என்று பெயர். காரச் சுவையும் வெம்மைக் குணமும் உடைய அத்தண்டு, உடலில் புகுந்த குளிரையும் காற்றையும் வியர்வை வழியே வெளியேற்றும் என்பது சீன மருத்துவர் கொள்கை.

கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்தவர் சாங் சோங்சிங் என்னும் மருத்துவர். 196க்குப் பின் பத்தாண்டு நிரம்புமுன், இருநூற்றுக்கும் மேற்பட்ட தம் குலத்தாருள் மூன்றில் இரு பங்கினர் மாண்டனர் என்றும், மாண்டோரில் பதின்மருக்கு எழுவரைக் கொண்டுபோனது குளிர்க் காய்ச்சலே என்றும் அவருடைய நூலின் முன்னுரை கூறுகிறது. அத்துயரிற் பிறந்த நூலில், கழிச்சலால் நாடி தளர்ந்த நோயாளிக்கு ஒரு குடிநீர் கூறப்படுகின்றது. வெண்தண்டு நான்கு, சிறிது சுக்கு, வச்சநாபி இனத்துக் கிழங்கு ஒன்று; கிழங்கைப் பச்சையாகவே தோல் நீக்கி எட்டுத் துண்டாக்க வேண்டும். வச்சநாபி கொடிய நஞ்சு. நம் சித்த மருத்துவரும் சுத்தி செய்யாமல் அதனைக் கையாளார். ஆதலின் இஃது இல்லத்தில் செய்து பார்க்கத்தக்கதன்று.

ஏழையின் இல்லத்திற்கென்றே எழுதியவர் அடுத்த நூற்றாண்டினரான கெ ஹொங். முன்னோர் நூல்கள் விலையுயர்ந்த சரக்குகளையே மிகுதியும் வேண்டுகின்றன, எளியோர் அவற்றிற்கு எங்கே போவர் என்பது அவர் குறை. ஆகவே வேலியோரத்திலும் அடுக்களையிலும் கிடைப்பவற்றைக் கொண்டு, சட்டைக் கைக்குள்ளே வைத்துச் செல்லத்தக்க அவசர மருத்துவ நூலொன்றை யாத்தார். தலைவலியும் உடற்சூடும் தோன்றிய முதலிரு நாட்களுக்கு அவர் கூறும் மருந்து, வெண்தண்டும் புளிக்க வைத்த சோயா அவரையும் சேர்ந்தது. அவரை ஒரு பங்கு, நீர் மூன்று பங்கு. அதனை ஒரு பங்காகச் சுண்டக் காய்ச்சி ஒரே முறையிற் குடித்து வியர்க்க வேண்டும். தண்டின் அளவோ 'ஒரு புலிவாய்'! கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட வளைவைச் சீனர் புலிவாய் என்பர். அவ்வளைவுக்குள் பிடிபடுவதே அளவு. தராசு இல்லாத வீட்டில் கையே தராசாயிற்று. எத்தனையோ அரசவை மருந்துகளைவிட இவ்வொரு சொல் அவ்வாசிரியரின் உள்ளத்தை நன்கு காட்டுகின்றது.

மலேரியா மருந்து கண்டு 2015இல் நோபல் பரிசு பெற்ற தூ யூயூ அம்மையார் துப்புப் பெற்றதும் இந்நூலிலிருந்தே. எனினும் அப்புகழை வெங்காயத்தாளுக்கும் பங்கிட்டுக் கொடுத்தல் முறையன்று. தூ அம்மையார் ஆராய்ந்தது வேறொரு செடி. ஒவ்வொரு மருந்தும் தனித்தே சோதனைக்கு நிற்க வேண்டும்.

பழைய விலக்குகளும் அவ்வாறே. வெங்காயத்தாளைத் தேனுடன் உண்டால் தீங்கு நேரும் என்று நெடுங்காலமாக எழுதி வந்தனர். 1935இல் நான்கிங் நகரில் செங் சி என்னும் உயிர்வேதியியல் அறிஞர் இத்தகைய உணவு இணைகளை விலங்குகளுக்கு ஊட்டியும், தாமே உண்டும் பார்த்தார். தேனும் வெங்காயத்தாளும் அவரை ஒன்றும் செய்யவில்லை.