உள்ளங்கையில் ஒளிந்த வெள்ளி

கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுமிடத்தில் 1909-ஆம் ஆண்டு எழும்பிய ஜாமேக் பள்ளிவாசலுக்கு வடக்கே, சில நிமிஷ நடையில் மஸ்ஜித் இந்தியா தெரு வந்துவிடுகிறது. கோலாலம்பூர் இன்னும் தகரச் சுரங்கக் குடியிருப்பாக இருந்த 1863-இல், இங்கே வந்து சேர்ந்த இந்திய முஸ்லிம்கள் தொழுகைக்கென்று மரத்தால் எழுப்பிய எளிய பள்ளிவாசலின் பெயரையே அந்தத் தெரு இன்றளவும் சுமக்கிறது. கட்டடம் மாறிப் பெரிதாகிவிட்ட போதிலும் வெள்ளிக்கிழமைப் பிரசங்கம் தமிழில் ஒலிப்பது மாறவில்லை. புடவைக் கடை, பாத்திரக் கடை, பூத்தொடுக்கும் பெண்கள், அத்தர்ப் புட்டிகள், நாணயம் மாற்றும் கண்ணாடிக் கூண்டுகள் என்று இத்தெருவின் ஜீவனோபாயங்களை அடுக்கிச் சொல்லுகிறவர்கள், பெயர்ப்பலகை இல்லாத ஒரு தொழிலை மட்டும் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். அது அஞ்சடியில் நின்று காட்டிய கைவித்தை.

கடையின் வாசலுக்கும் சாலைக்கும் இடையே குறிப்பிட்ட அகலத்துக்குக் கூரையோடு நடைவழி விட வேண்டும் என்று ஆங்கிலேய ஆட்சியாளர் ராபிள்ஸ் 1822-இல் சிங்கப்பூருக்கு வகுத்த ஏற்பாடு, பிற்பாடு ஐந்தடி வழியாகத் தீபகற்பத்து நகரங்களுக்கும் பரவி, மலாயாத் தமிழர் வாயில் ‘அஞ்சடி’ ஆயிற்று. மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்குகிறவர்கள் நிற்குமிடமாதலால், கூட்டம் சேர்க்க விரும்பிய மருந்து வியாபாரிக்கு அதைவிட உசிதமான அரங்கம் வேறு கிடைத்திராது. இந்தத் தெருவிலும் சௌகிட் பக்கத்திலும் துணி விரித்துத் தைலப் புட்டிகளை வரிசையாக அடுக்கி, மலாய் மொழியில் மூச்சு விடாமல் பேசி, பேச்சின் நடுவே ஒரு காசை மறையச் செய்து, கூட்டத்தில் நிற்கும் ஒரு சிறுவனின் காதோரத்திலிருந்து அதை எடுத்துக் காட்டி, பிறகே தைலத்தின் மகிமைக்கு வருவது அத்தொழிலின் கிரமம். வித்தை இலவசம்; விலை தைலத்துக்கு. ஆனால் வீடு திரும்பிய சிறுவனின் ஞாபகத்தில் நின்றது தைலமன்று, அந்தக் காசுதான்.

இந்த வித்தைக்கு மொழிகள் இட்ட பெயர்களைச் சற்று நின்று கவனித்தால் மனித சுபாவமே விளங்கும். காமசூத்திர ஆசிரியர் வாத்ஸ்யாயனர் அறுபத்துநான்கு கலைகளை எண்ணியபோது, இந்திரஜாலத்தைத் தனியே ஒரு கலையாகவும், ‘ஹஸ்த லாகவம்’ என்று கையின் லேசான தன்மையை வேறொரு கலையாகவும் வைத்தார். ஆகவே அவர் புகழ்ந்தது கையை. தமிழர் இதைக் கண்கட்டு வித்தை என்றார்கள். கட்டுண்டது பார்ப்பவரின் கண் என்பது பொருள். மலாய்க்காரர்கள் ‘சீலாப் மாத்தா’ என்பார்கள். கண்ணின் பிழை என்று அதற்கு அர்த்தம். ஒரே தெருவில் ஒரே காட்சியைப் பார்த்துவிட்டு ஒருவர் கையை மெச்சவும், மற்றொருவர் கண்ணுக்காக இரங்கவும், இன்னொருவர் கண்ணைக் குறை சொல்லவும் மஸ்ஜித் இந்தியாவில் இடமிருந்தது.

தமிழில் செப்படி வித்தை என்றொரு பழம்பெயரும் உண்டு. செப்பு என்னும் சிறு கிண்ணங்களைக் கவிழ்த்து, அவற்றின் கீழே பந்துகளை வரவும் மறையவும் செய்வதே அது. கிண்ணம் ஒரு பாவனை, பந்து உண்மையில் தங்குமிடம் வித்தைக்காரனின் கை. கேரளத்தில் இதே கலையை வாழக்குன்னம் நீலகண்டன் நம்பூதிரி (1903–1983) மேடைக்கு உயர்த்தி, ‘கையடக்கம்’ என்ற சொல்லுக்கே கௌரவம் தேடித் தந்தார். அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்பே சென்னைப் பக்கத்திலிருந்து கப்பலேறிய ராமோ சாமி என்பவர் (இராமசாமி என்ற பெயரைத்தான் ஆங்கிலேயர் நாக்கு இப்படித் திரித்தது போலும்) 1810-களில் லண்டனில் செப்பும் பந்தும், வாள் விழுங்குதலும், நான்கு பித்தளைப் பந்துகளை ஆகாயத்தில் ஓயாமல் சுழற்றுதலும் காட்டிப் பிரசித்தி பெற்றார். 1819-இல் அமெரிக்காவுக்கும் போனார். ஹாஸ்லிட் என்ற ஆங்கிலக் கட்டுரையாசிரியர் இந்திய வித்தைக்காரர்களைப் பற்றி எழுதிய கட்டுரை 1821-இல் நூலில் இடம்பெற்றது. தம் எழுத்தில் அந்தக் கைகளின் பூரணத்துவம் கூடவில்லையே என்று அதில் அவர் மனம் நொந்தது, ராமோ சாமியைப் பார்த்துத்தான் என்று கருதுகிறார்கள். ஆனால் 1850-இல் லண்டனில் அவர் இறந்தபோது, அடக்கம் செய்யக்கூடப் பணமின்றி, அவருடைய மனைவி பத்திரிகை வாயிலாக உதவி கேட்க வேண்டியிருந்தது.

மேற்கே இந்த வித்தையைப் பற்றி முதலில் விரிவாக எழுதியவர்களில் ஒருவரான ரெஜினால்ட் ஸ்காட் என்ற ஆங்கிலேயர், 1584-இல் வெளியிட்ட தம் நூலில், காசை ஒளிக்க உள்ளங்கையே உத்தமமான இடம் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். அவர் வித்தைக்காரரல்லர். சூனியக்காரிகள் என்று பழி சுமத்தி ஏழைக் கிழவிகளைத் தண்டித்துக்கொண்டிருந்த காலத்தில், அற்புதம் என்று ஜனங்கள் அஞ்சுவதில் பெரும்பகுதி வெறும் கைப்பழக்கம் என்று ருசுப்படுத்தவே அவர் அந்த இரகசியங்களைத் திறந்து காட்டினார். ஏமாற்றுக் கலை என்று இதை இகழ்கிறவர்கள் இந்த ஒரு செய்தியை மட்டுமாவது மனத்தில் இருத்த வேண்டும்.

மலாயாவில் இந்தக் கலைக்கு வாய்த்த கருவியின் சரித்திரமும் விசேஷமானது. ஸ்பானிய வெள்ளி நாணயங்களின் ஓரத்தில் பல் பல்லாக வெட்டியிருந்த வரிகளைக் கண்டே மலாய்க்காரர்கள் அவற்றுக்கு ‘ரிங்கிட்’ என்று பெயரிட்டார்கள். பல்வெட்டுள்ளது என்பதே அச்சொல்லின் மூலப்பொருள். தமிழர் அந்த உலோகத்தைப் பார்த்து ‘வெள்ளி’ என்றார்கள். நாணயத்தில் வெள்ளி ஒழிந்து பல தலைமுறை ஆகியும் ‘பத்து வெள்ளி கொடுங்க’ என்று இன்றும் கடையில் கேட்கிறோம். 1903-இல் வந்த நீரிணைக் குடியேற்ற ஒரு வெள்ளி நாணயம் 37 மில்லிமீட்டர் அகலமுள்ள கனத்த காசாயிருந்து, வெள்ளியின் விலை ஏறவே, 1907-இல் உருவம் சுருங்கிற்று. ஓரத்தைச் சுரண்டி வெள்ளியைக் களவாடுகிறவர்களைக் காட்டிக்கொடுப்பதற்காகவே நாணயங்களில் அந்தப் பல்வெட்டு வைத்தார்கள். கள்வனைத் தடுக்க வெட்டிய அதே வரிகள்தாம், காசு நழுவாமல் உள்ளங்கைச் சதையில் பற்றி நிற்க, வித்தை பழகுகிறவனுக்கு உதவுகின்றன.

பழகுகிறவன் முதலில் நடுவிரலும் மோதிரவிரலும் சேர்ந்த நுனியில் காசை வைத்து, கட்டைவிரலால் தாங்கி, அவ்விரு விரல்களையும் மடக்கிக் காசை உள்ளங்கையின் நடுவில் அழுத்துகிறான். கட்டைவிரலின் அடியிலுள்ள சதைமேடும், சுண்டுவிரல் பக்கத்து மேடும் காசின் இரு ஓரங்களையும் மெல்ல நெருக்கினால், கையைத் தரையை நோக்கிக் கவிழ்த்தாலும் காசு விழாது. முதல் நாள் அது விழுந்துகொண்டேயிருக்கும். விழாமல் நிற்கத் தொடங்கியதும் வேறொரு குற்றம் தலைகாட்டும்: கட்டைவிரல் விறைத்து நீட்டிக்கொள்ளும், விரல்கள் பலகையாகிவிடும், இங்கேதான் ஒளித்திருக்கிறேன் என்று அந்தக் கையே ஊருக்குப் பறைசாற்றும். ஆகவே அப்யாசம் கண்ணாடி முன் முடிவதில்லை. காசைக் கையில் வைத்தபடியே பத்திரிகையைப் புரட்டவும், சட்டைப் பித்தானைப் போடவும், மாமாக் கடையில் தே தாரிக் குவளையை எடுக்கவும் பழக வேண்டும். கையில் காசு இருப்பதைக் கைக்குரியவனே மறந்துபோகும் வரையில் பார்ப்பவர் மறக்கமாட்டார். கண்ணும் அப்படியே, வெறுங்கையை அவன் மெய்யாக நம்பிப் பார்த்தால்தான் கூட்டமும் அந்தக் கையைப் பார்க்கும்.

இதற்கு வேண்டிய முதல் மூலதனம் பொழுது. நாணய வித்தையின் ராஜா என்று கொண்டாடப்பட்ட அமெரிக்கர் நெல்சன் டவுன்ஸ் (1867–1938), அயோவா மாகாணத்தில் ரயில் நிலையத் தந்தி ஊழியராயிருந்தவர். ஒரு ரயிலுக்கும் மறு ரயிலுக்கும் இடையிலான தனிமையில் காசுகளோடு பழகிப் பழகி, 1899-இல் லண்டன் மேடையில் வெறும் ஆகாயத்திலிருந்து காசுகளைப் பறித்துத் தொப்பியை நிரப்பிக் காட்டினார். மறு ஆண்டே அந்த முறைகளை நூலாகவும் தந்தார். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் இரவு முறை வேலை பார்த்த தகப்பன்மாருக்குப் பிறந்தவர்கள், நிலையத்தில் அப்படிப்பட்ட நேரம் எத்தனை நீளமானது என்பதைச் சொல்லக் கேட்டிருப்பார்கள்.

1967-இல் மலேசியா தன் சொந்த நாணயங்களை வெளியிட்டபோது வந்த ஐம்பது காசு, சுமார் 28 மில்லிமீட்டர் அகலத்தில், வளர்ந்தவரின் உள்ளங்கைக்கென்றே அளவெடுத்தது போல் அமைந்திருந்தது. 2012-இல் வந்த மஞ்சள் நிற ஐம்பது காசு 23 மில்லிமீட்டருக்கும் குறைவு. சதைமேடுகளின் இடையில் அது சுலபமாகப் பற்றுவதில்லை. ஆகையால் பழகுகிறவர்கள் பழைய காசுகளைத் தேடி வைத்துக்கொள்வது நல்லது. கடைகளிலும் இப்போது கைப்பேசியைக் காட்டிப் பணம் செலுத்துவதால், காசின் கனத்தையே அறியாத விரல்களோடு ஒரு தலைமுறை வளர்கிறது.

மந்திரம் என்று சொல்லி மருந்து விற்பது வேறு, வித்தை என்று சொல்லி வித்தை காட்டுவது வேறு. முன்னது மக்களின் பயத்தைத் தின்று வாழ்கிறது. பின்னது, தம் கண்ணையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்ற விவேகத்தை மனிதருக்குச் சந்தோஷத்தோடு புகட்டுகிறது. ஆயிரம் முறை விழுந்த காசை ஆயிரத்தோராவது முறை எடுப்பவனின் பொறுமை, வீணையிலும் மிருதங்கத்திலும் நாம் வணங்குகிற அதே சாதகந்தான். அரசர்களின் தலை பொறித்த நாணயங்களுக்குக் காட்சிசாலை உண்டு. நம் அஞ்சடிகளில் அவற்றை ஆட்டிவைத்த கைகளுக்கோ ஒரு பக்கம் கிடைப்பதுகூட அரிது. மஸ்ஜித் இந்தியாவிலோ கிள்ளான் சந்தையிலோ இனி அப்படியொருவரைக் கண்டால் கொஞ்சம் நின்று பாருங்கள்; அவர் விரித்த துணியில் ஒரு வெள்ளியைப் போடுங்கள்; அவர் சம்மதித்தால் பெயரையும், ஊரையும், யாரிடம் கற்றார் என்பதையும் கேட்டு எழுதி வையுங்கள்.