ஆறின சோறும் நாற்பது நாள் சண்டையும்



யப்பானிய அரசியல் வரலாற்றை வாசிக்கும்போது, இது கட்சிக்குள் நடந்த சங்கதியா அல்லது போர்க்களத்துச் செய்தியா என்று எனக்குப் பல தடவை மயக்கம் வந்ததுண்டு. 1955இல் உருவான லிபரல் சனநாயகக் கட்சியே பெரும்பாலான காலம் ஆண்டபடியால், உண்மையான போட்டி அதன் உள்ளுக்குள்ளேதான் நடந்தது. அந்த உட்குழுக்களை 'ஹபட்சு' என்பார்கள். குழுத் தலைவர் தேர்தற் பணமும் பதவியும் தேடிக் கொடுப்பார். உறுப்பினர் தலைமைப் போட்டியில் அவர் பக்கம் நிற்பார். தோற்ற குழுவுக்குக் கிடைப்பது 'ஹியமெஷி', அதாவது ஆறின சோறு!

1972இல் தனாக்கா ககுவெய்யும் ஃபுகுடா தகெயோவும் தலைமைக்கு மோதினார்கள். இருவர் பெயரிலும் ஒவ்வொரு துண்டு எடுத்து, அதை 'ககு-ஃபுகு யுத்தம்' என்றார்கள். யுத்தம் என்ற சொல்லை இவ்வளவு இலேசாகப் பாவிப்பது எங்களுக்குச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கும். 1976இல் லொக்ஹீட் ஊழல் விசாரணைக்கு வழிவிட்ட பிரதமர் மிக்கியைச் சொந்தக் கட்சிக்காரரே இறக்க முனைந்தார்கள். அது 'மிக்கி ஒரோஷி'. ஒரோஷி என்றால் கீழே இறக்குதல்.

எல்லாவற்றிலும் மோசமானது 1979இன் 'நாற்பது நாள் சண்டை'. தேர்தலில் கட்சி பின்னடைந்தது. பிரதமர் ஒகிரா விலக மறுத்தார். கடைசியில் ஒரே கட்சியைச் சேர்ந்த ஒகிராவும் ஃபுகுடாவும் பாராளுமன்றத்திலேயே பிரதமர் பதவிக்குப் போட்டியிட்டார்கள். ஒகிரா 138க்கு 121 என்று வென்றார். ஆனால் பகை ஆறவில்லை. 1980 மே 16இல் எதிர்க்கட்சி கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தின்போது ஆளுங்கட்சியினர் 69 பேர் சபைக்கு வரவில்லை, தீர்மானம் நிறைவேறிவிட்டது. தேர்தற் பிரசாரம் நடக்கையில், யூன் 12இல் ஒகிரா இறந்துபோனார். பத்து நாட்களின் பின் அதே கட்சி பெருவெற்றி பெற்றது.

2000 நவம்பரில் பிரதமர் மோரிக்கு எதிராகக் கதோ கொயிச்சி கிளம்பியது 'கதோவின் கலகம்'. பழைய சாமுராய்க் காலக் கலகங்களைக் குறிக்கும் அதே சொல். தோல்வி உறுதியானபின், தனியே போய் வாக்களிக்கப் புறப்பட்ட கதோவை, நீங்கள் தளபதி, தனியே போகக்கூடாது என்று தனிகாக்கி சடகசு அழுதபடி மறித்ததைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. 2005இல் தபால் சேவையைத் தனியார்மயமாக்கும் சட்டத்தை எதிர்த்த சொந்தக் கட்சியினருக்கு எதிராகப் பிரதமர் கொயிசுமி நிறுத்திய வேட்பாளர்களுக்கு வந்த பெயர் 'ஷிகாக்கு', கொலையாளிகள்.

கணக்கில் காட்டாத பண விவகாரத்தால் 2024 சனவரியில் பல ஹபட்சுக்கள் தங்களைக் கலைப்பதாக அறிவித்தன. அடுத்த வருடமே பத்திரிகைகளில் 'இஷிபா ஒரோஷி' வந்துவிட்டது. 2025 செப்ரெம்பரில் பிரதமர் இஷிபா பதவி விலகுவதாக அறிவித்தார்.